அண்ணிக்கு ஒரு கொடுமைக்காரி

எங்கள் அண்ணிக்கு இரண்டு வேலை. பகலில் மெத்தை விற்பாள். மீதி நேரத்தில் கதை எழுதுவாள். இரண்டில் எது பெரிய வேலை என்று யாராவது கேட்டால், "மெத்தைதான். தூக்கிப் பாருங்க, தெரியும்" என்பாள்.

அவள் வேலை பார்க்கும் கடை ஒரு நீளமான கூடம். இரு பக்கமும் வரிசையாக மெத்தைகள். ஒவ்வொன்றின் கால்மாட்டிலும், செருப்புக்காலோடு ஏறுகிறவர்களுக்காக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே வருகிறவர்கள் முதலில் ஒற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு உள்ளங்கையால். பிறகு ஓரமாக உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டு மெல்லச் சாய்வார்கள். சாய்ந்து கூரையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நின்றுகொண்டு பேசும் மனிதன் வேறு, படுத்துக்கொண்டு பேசும் மனிதன் வேறு என்பது அண்ணியின் கண்டுபிடிப்பு. நிற்கிறவன் விலையைப் பற்றிப் பேசுவான். படுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவான், அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாலும்.

ஒருநாள் வயதான ஒருவர் வந்து, கடையிலேயே கெட்டியான மெத்தையைக் காட்டச் சொல்லிப் படுத்தார். படுத்தவர் தூங்கிப் போனார். குறட்டை கடை வாசல்வரை கேட்டது. "எழுப்புங்கம்மா, வர்ற ஆளுங்க பயப்படறாங்க" என்றார் முதலாளி. அண்ணிக்கு மனசு வரவில்லை. கடை மூடும் நேரத்தில் அவராகவே எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வேண்டாம்மா. இதுல எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அண்ணி எழுதிய முதல் கதை. எழுதிய இடம் எங்கள் வீட்டு இஸ்திரி மேசை. சாப்பாட்டு மேசையில் இடம் கிடையாது. என் அண்ணன் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பெரிய பெரிய தாள்களை விரித்து வைத்துக்கொண்டு வீட்டிலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் அண்ணி இஸ்திரி மேசையை மார்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, நின்றுகொண்டே எழுதுவாள். "நாள் முழுக்க ஊரைப் படுக்க வைக்கிறேன். நானாவது நிக்கறேன்" என்பாள்.

கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள். அவை போன வேகத்தில் திரும்பின. எல்லாப் பதிலிலும் ஒரே வாக்கியம்: நன்றாக இருக்கிறது, ஆனால் கனம் போதவில்லை. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையிலும் வாடிக்கையாளர்கள் அதையேதான் சொல்கிறார்களாம். கனமான மெத்தைதான் நல்ல மெத்தை என்று நினைப்பார்களாம். வீட்டுக்குப் போய் இரண்டாம் மாடிக்கு ஏற்றும்போதுதான் புத்தி வருமாம்.

கடைசியில் டயர் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பதிப்பாளர் சம்மதித்தார். 'படுத்துப் பாருங்கள்' என்று புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு உறவுக்காரர்கள்தான் வந்தார்கள். பெரியப்பா புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "நாவல் எப்பம்மா எழுதப்போற?" என்று கேட்டார். சித்தி அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, இரட்டைக் கட்டில் மெத்தையில் தள்ளுபடி உண்டா என்று விசாரித்தாள். மிச்சப் புத்தகங்கள் எங்கள் மாடிப்படிக்குக் கீழே குடியேறின.

சில மாதம் கழித்துப் பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் தன் செலவில் நமக்கு வைத்தியம் பார்ப்பதுபோலப் பேசுவார்.

"கதையெல்லாம் அருமைங்க. குறையே சொல்ல முடியாது. ஆனா புத்தகத்தைக் கதை விக்காது. எழுதினவங்க கதைதான் விக்கும். சொல்லுங்க, உங்க வாழ்க்கையில என்ன கஷ்டம்?"

அண்ணி உண்மையாகவே யோசித்தாள். அவளுக்கு அப்பா அம்மா இருவரும் அன்பானவர்கள். படிக்க வைத்தார்கள். பிடித்தவனையே கட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நெடுநேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்துவிட்டு, "சில நாள் பஸ் லேட்டா வரும்" என்றாள்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "அட்டவணை சரியாத்தான் இருக்கு. பஸ்தான் தப்பு."

பதிப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "பெரிய பத்திரிகையில இருந்து பேட்டி எடுக்க ஆள் வரப்போறார். நான்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன். அவர் கேக்கற முதல் கேள்வியே 'உங்க காயம் என்ன'ங்கறதுதான். ஏதாவது ஒண்ணு யோசிச்சு வைங்க."

அவர் போனபிறகு வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. கூட்டியவள் என் அம்மா. அண்ணிக்கு மாமியார். அம்மாவுக்குத் தன் மருமகள் எழுத்தாளர் என்பதில் பெருமை. ஆனால் அந்த எழுத்தாளரை ஊருக்குத் தெரியவில்லையே என்பதில் அதைவிடப் பெரிய ஆதங்கம்.

"இவ்வளவுதானே விஷயம்? நான் உன்னைக் கொடுமைப்படுத்தினேன்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

"அத்தை!"

"என்ன அத்தை? பக்கத்துத் தெருவுல ஒருத்தி மருமகளைப் படுத்தற பாடு ஊருக்கே தெரியும். அவளைத் தெரியாத ஆள் கிடையாது. நான் இத்தனை வருஷமா நல்லவளா இருந்து என்ன கண்டேன்? நீ எழுதின தாளையெல்லாம் அடுப்புல போட்டுக் கொளுத்தினேன்னு சொல்லு."

"நம்ம வீட்டுல கேஸ் அடுப்பும்மா" என்றேன் நான்.

"அப்ப தண்ணியில முக்கினேன்னு சொல்லச் சொல்லு. நீ பேனாவை ஒளிச்சு வெச்ச நாத்தனாரா இரு. பொறாமை பிடிச்சவ. உனக்கு அது பொருத்தமா இருக்கும்."

எனக்கு ஏன் பொருந்தும் என்று கேட்டேன். அம்மா அதற்குள் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டாள். குடிகாரக் கணவன் வேடம் அவனுக்கு. அண்ணன் பதறிவிட்டான். "அம்மா, எனக்கு இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்தும். ஆபீஸ்ல சிரிப்பாங்க. வேணும்னா இவ எழுதறதைப் பார்த்து நான் ஏளனமா சிரிச்சேன்னு போட்டுக்கோங்க. அதுவரைக்கும் சம்மதம்."

அண்ணி மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பொய் சொல்ல மாட்டேன் அத்தை."

"நீ எழுதறதே பொய்தானே?"

"அது வேற. கதையில நான் இல்லாததைச் சொல்றேன்னு படிக்கிறவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம். பேட்டியில அவங்க ஒத்துக்கல. நான் மட்டும் சொல்லிட்டுப் போனா அது ஏமாத்து."

அம்மாவுக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. "நல்லது செய்யப் போனா இப்படித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பேட்டிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தோளில் துணிப்பை, முகத்தில் முன்கூட்டியே தயாரித்த அனுதாபம். அண்ணி அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் பட்ட அடிதான் காயம் என்று எடுத்துக் காட்டினாள். கதை சொல்வது பற்றி அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒரு மெத்தையை விற்கிறவர் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும், வாங்குகிறவர் பையில் கைவிட்ட பிறகும் நுரையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் அவர் கையை வெளியே எடுத்துவிடுவார், கதையும் அப்படித்தான் என்றாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பேச்சு. ஆனால் பேட்டிக்காரரின் பேனா ஒரு வரிகூட நகரவில்லை. அவர் மணியைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது.

"பேச்சு என்ன வேண்டிக்கிடக்கு பேச்சு?" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. "உள்ள போட்டது போட்டபடி கிடக்கு. கதை எழுதறாளாம் கதை! கொளுத்திப் போட்டாத்தான் புத்தி வரும். போன தடவை கொளுத்தினது பத்தலை போலிருக்கு!"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அது அவளாகப் போட்டது என்று பிறகு சொன்னாள்.

அண்ணி எழுந்து, "ஐயோ, அவங்க சும்மா நடிக்கிறாங்க" என்றாள். பேட்டிக்காரர் அவளைக் கனிவோடு பார்த்தார். "புரியுதுங்க. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். பேனா ஓட ஆரம்பித்தது.

பேட்டி இரண்டு பக்கத்துக்கு வந்தது. தலைப்பு, 'அடுப்படித் தீயில் பூத்த எழுத்து'. மெத்தை, நுரை, நிறுத்தத் தெரிவது எதுவும் அதில் இல்லை. சமையலறைக் கதவு மட்டும் மூன்று இடத்தில் வந்தது. கதவோரம் வேவு பார்த்துக்கொண்டு நின்ற நாத்தனாராக நானும் வந்திருந்தேன். எனக்கு நல்ல வர்ணனை: 'கண்ணில் ஈரமற்ற இளம்பெண்'. இளம்பெண் என்று போட்டதற்காக மன்னித்துவிட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த புத்தகங்கள் காணாமல் போயின. பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போட்டார். அட்டையில் தீ. அண்ணி பத்திரிகைக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். அது வரவில்லை. பதிப்பாளரிடம் சண்டை போட்டாள். "அடுத்த பதிப்புல மாத்திடலாங்க" என்றார். அடுத்த பதிப்பில் தீ இன்னும் பெரிதாக எரிந்தது.

இதையெல்லாம்விட வேடிக்கை விமர்சகர்கள் செய்தது. கனம் போதவில்லை என்று திரும்பி வந்த அதே கதைகள், ஒரு எழுத்துகூட மாறாமல், இப்போது கனத்துப் போயின. கடையில் தூங்கிவிட்ட பெரியவரின் குறட்டை பற்றி ஒரு பேராசிரியர் நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் குறட்டை, குரல் மறுக்கப்பட்ட பெண்ணின் அடித்தொண்டைக் கதறலாம். அண்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "குறட்டை விட்டது அவருதானே?" என்று என்னிடம் கேட்டாள். படிக்கும்போது சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மக்கள் அழுதார்கள். கடைக்கே தேடி வந்து அழுதார்கள். ஒருத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சிரிக்க வைக்கறீங்க. எவ்வளவு வலி இருந்தா இப்படி சிரிக்க வைக்க முடியும்!" என்று விம்மினாள். முதலாளி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அப்படியே ஒரு ஒற்றை மெத்தையையும் விற்றுவிட்டார்.

அண்ணனுக்கு அலுவலகத்தில் தனியாக ஒரு ஆலோசனை நடந்தது. மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு, "வீட்டுல பொம்பளைங்க எழுதினா ஊக்கப்படுத்தணும்ப்பா" என்று அரைமணி நேரம் பேசினாராம். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வருகிறவர்கள் என் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மரத்துப்போன கன்னத்தோடு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எனக்கு அறிவுரை சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றாலும் கருத்து விளங்கியது.

அம்மாவுக்கு முதல் சில வாரம் கொண்டாட்டம்தான். கடைத்தெருவில் அவளைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். மருந்துக்கடையில் வரிசை தானாக விலகி வழிவிட்டது. "பார்த்தியா, ஒரே நாள் நடிப்பு" என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். அவளுக்கு ஒரு நடைச் சிநேகிதி உண்டு. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. காலையில் இருவரும் பூங்காவைச் சுற்றி நடப்பார்கள். நடப்பார்கள் என்பது பேச்சுக்குச் சொல்வது. ஒரு சுற்று நடந்தால் மூன்று பெஞ்சில் உட்காருவார்கள். அந்தச் சிநேகிதி ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"முட்டி வலிக்குது" என்றாளாம் சிநேகிதி, கதவைப் பாதி மட்டும் திறந்து. பிறகு பொறுக்க முடியாமல், "உன்கூட இத்தனை நாள் நடந்திருக்கேனே, இப்படிப்பட்டவன்னு தெரியலையே. என் மருமகளை நான் திட்டினா 'விடுடி, சின்னப் பொண்ணு'ன்னு எனக்கே புத்தி சொல்லுவியே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

அம்மா வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாரும் நம்பட்டும்னுதான் செஞ்சேன். ஆனா அவளுமா நம்புவா?" என்றாள். அண்ணி அவள் காலடியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டாள்.

"சரி பண்ணிடலாம் அத்தை. விருது விழா வருதே, அங்க நான் பேசறேன். உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே பேசறேன்."

ஆமாம், விருதும் வந்திருந்தது. நகர வாசகர் பேரவை கொடுக்கும் 'வலியின் குரல்' விருது. பெரிய அரங்கு. ஆளுயரப் பதாகையில் அண்ணியின் முகம். சிரித்துக்கொண்டிருந்த படத்தில் வாய்ப்பகுதியை மட்டும் யாரோ இருட்டாக்கியிருந்தார்கள். அம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரு பக்கமும் இரண்டு நாற்காலி காலியாகவே இருந்தது. நானும் அண்ணனும் போய் அதில் உட்கார்ந்தோம். அதற்கு அடுத்த நாற்காலிகள் காலியாயின.

தலைவர் பேசினார். இலக்கியம் என்பது ரத்தம் என்றார். கண்ணீர் என்றார். மறுபடி ரத்தத்துக்கே வந்தார். அவர் ஒரு சர்க்கரை ஆலையின் உரிமையாளர். பிறகு அண்ணி எழுந்தாள். கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு தப்பைத் திருத்தணும். என் மாமியார் என்னை ஒரு நாளும் திட்டினதில்லை."

அரங்கில் ஒரு பெருமூச்சு ஓடியது. என் பின்னாலிருந்து ஒரு பெண், "பாவம், முன்னால உக்காந்திருக்காளே. வேற என்ன பேச முடியும்?" என்றாள்.

"நான் எழுதும்போது தொந்தரவு இருக்கக்கூடாதுன்னு அவங்களே அறைக் கதவைச் சாத்திட்டுப் போவாங்க."

"பூட்டி வேற வெச்சிருக்காங்க!" என்றது இன்னொரு குரல். கைக்குட்டைகள் வெளியே வந்தன.

"என் வீட்டுக்காரர் நான் எழுதறதைப் படிச்சுட்டு சிரிப்பார். சிரிக்க வேண்டிய இடத்துலதான் சிரிப்பார்." அண்ணன் தலையை ஆட்டினான். சுற்றி இருந்தவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பாதித் தலையாட்டலில் நிறுத்திவிட்டான்.

அண்ணி விடவில்லை. நல்லது ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுகை கூடியது. அம்மாவால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, அரங்கைப் பார்த்துத் திரும்பி, கத்தினாள்: "அவ சொல்றது அத்தனையும் நிஜம்! நான் நல்லவ!"

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், தழுதழுத்து: "மேடையிலகூட விட மாட்டேங்கறாளே!"

கைதட்டல் எழுந்தது. அண்ணிக்காகத்தான். அரங்கமே எழுந்து நின்றது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு பெருந்தன்மையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அம்மா மட்டும் உட்கார்ந்துவிட்டாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து தேநீர் மேசை அருகே பதிப்பாளர் வந்தார். பேராசை வந்துவிட்டால் அவருக்கு மூக்கு நுனி சிவக்கும். "அம்மா, உங்க தரப்பையும் சொல்லுங்க. 'மாமியாரின் மறுபக்கம்'னு போடுவோம். உங்களுக்குன்னு ஒரு மாமியார் இருந்திருப்பாங்களே? அவங்க உங்களைப் படுத்தியிருப்பாங்க. அதனாலதான் நீங்க இவங்களைப் படுத்தினீங்க. பிச்சுக்கிட்டுப் போகும்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யோசிக்கறேன்" என்றாள்.

உண்மையிலேயே யோசித்தாள். ஊர் தன்னை நம்பாவிட்டாலும் புத்தகத்தை நம்பாதா என்று ஒரு நப்பாசை. அண்ணியின் விடுமுறை நாட்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இஸ்திரி மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மா சொல்வாள், அண்ணி எழுதுவாள். முதல் நாளே சிக்கல்.

"என் மாமியார் இருக்காளே..." என்று தொடங்கிய அம்மா, அரைமணி நேரம் துழாவினாள். "நான் தூங்கினா எழுப்ப மாட்டா. சாப்பிட்டியான்னு கேப்பா. ஒரு தடவை என் தட்டை உடைச்சுட்டா. அதுவும் கைதவறி. சே, மூணு தலைமுறையா இந்த வீட்டுல ஒருத்திக்கும் உருப்படியா ஒரு கொடுமைக்காரி அமையலையே!"

அண்ணி சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே போட்டாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க மாமா போன பிறகு நான் கொஞ்ச நாள் ரேடியோவை அணைக்கவே மாட்டேன், ஞாபகம் இருக்கா? பிள்ளைங்க எல்லாம் கோவிச்சுக்கும். செய்தி கேக்கறேன்னு சொல்லுவேன். செய்தியுமில்லை ஒண்ணுமில்லை. வீட்டுல ஒரு பெரிய மனுஷன் குரல் கேட்டுக்கிட்டிருக்கட்டும்னுதான்."

எங்கள் அப்பா இறந்த சமயம் அது; கோபித்துக்கொண்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"இதெல்லாம் எழுதிடாதே. இதுல என்ன இருக்கு? கொடுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.

"எழுதல அத்தை" என்றாள் அண்ணி. எழுதவும் இல்லை. பதிப்பாளரிடம் போய், சொல்வதற்கு ஒன்றும் தேறவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் சிவந்த மூக்கோடு, இவ்வளவு சந்தோஷமாக இருந்துகொண்டு எழுத வருகிறவர்களால்தான் பதிப்புத் தொழில் நசிகிறது என்றார். (ரேடியோ விஷயத்தை இங்கே எழுத நான் அம்மாவிடம் கேட்டேன். "இப்ப எழுதிக்கோ. இப்ப யாரும் அதை வித்துப் பொழைக்கப் போறதில்ல" என்றாள்.)

ஆனால் அண்ணி வேறொரு கதை எழுதினாள். மருமகளின் புத்தகம் விற்க வேண்டும் என்பதற்காகத் தன்னையே கொடுமைக்காரியாக்கிக்கொண்ட ஒரு மாமியாரின் கதை. எழுதி முடித்ததும் அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தாள். அம்மா படித்துவிட்டு இரண்டே திருத்தம் சொன்னாள். அந்த மாமியார் இன்னும் கொஞ்சம் ஒல்லியாக இருக்கலாம்; பாத்திரம் விழும் இடத்தில் சத்தம் பத்தவில்லை.

கதை முதலில் அந்தப் பெரிய பத்திரிகைக்கே போனது. உடனே திரும்பியது. 'மாமியார் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. எந்தப் பெண்ணும் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டாள். வாழ்க்கையை உற்றுக் கவனித்து எழுதவும்.'

அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தாள். "நான் நம்பும்படியா இல்லையாமா? நான்? உயிரோட நிக்கறேன் இங்க!" அண்ணியோ அமைதியாகத் தாளை மடித்தாள். "நடந்ததுங்கறது போதாது அத்தை. நடந்தது எல்லாமே கதையில மறுபடி ஒரு தடவை நடக்கணும். நான் இன்னும் சரியா நடக்க விடலை போலிருக்கு" என்றாள். மறுபடி இஸ்திரி மேசையை உயர்த்தினாள். வெட்டினாள், ஒட்டினாள். சமையலறைக் கதவு திறக்கும் இடத்தை மட்டும் பலமுறை திருத்தினாள். பிறகு யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர்கள் போட்டார்கள்.

அது வெளிவந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சிநேகிதி நிற்கிறாள். நடைக்குப் போகும் ஷூ போட்டிருந்தாள். கையில் அந்தப் பத்திரிகை.

"இதுல வர்ற மாமியார் நீதானே?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"கதைன்னா கதை. யாரோ" என்றாள் அம்மா, கொஞ்சம் விறைப்பாக.

"யாரோவா? கத்தறதுக்கு முன்னாடி சமையலறையில நின்னு மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வந்தாள்னு எழுதியிருக்கா. எந்தக் கொடுமைக்காரி கண்ணாடியைத் துடைச்சுட்டு வந்து கத்துவா? நீதான் எந்த வேலைக்கும் முன்னாடி கண்ணாடியைத் துடைப்பே. இதைப் படிச்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, அன்னைக்கு நீ நடிச்சிருக்கேன்னு." பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

சிநேகிதி கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

இருவரும் நடக்கப் போனார்கள். அன்று மூன்று பெஞ்சோடு நிற்கவில்லை போலிருக்கிறது, மத்தியானம்தான் திரும்பினார்கள்.

மற்றபடி ஊர் பெரிதாக மாறிவிடவில்லை. தீ எரியும் அட்டையோடு அந்தப் புத்தகம் இன்னும் விற்கிறது. பேராசிரியர் குறட்டை பற்றி இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். அண்ணி இப்போதும் மெத்தைக் கடையில்தான் இருக்கிறாள். அவளுடைய அடுத்த தொகுப்பு வேறொரு பதிப்பகத்தில் வந்தது. பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பை அவளே எழுதிக் கொடுத்தாள். இரண்டே வரி: 'மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறார். வீட்டில் எல்லோரும் நலம்.'

புத்தகம் சுமாராகத்தான் போகிறது. அண்ணிக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் அம்மாவுக்குத்தான். பிரதியைக் கையில் வாங்கியதும் கதைகளைப் புரட்டாமல் நேராகப் பின்னட்டைக்குப் போனாள். படித்துவிட்டு மருமகளை முறைத்தாள்.

"'எல்லோரும்'னு மொத்தமா போட்டுட்டியே. என்னைப் பத்தித் தனியா ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"